மூன்றாம் தடவை கேட்க மாட்டேன்

வெர்லின் டோலஃப்சன் எழுபது வயது வரைக்கும் ஒரு மாத்திரை விழுங்கியதில்லை. இந்தச் சங்கதி தெரியாதவர் மினசோட்டாவில் எங்கள் ஏரிக்கரை ஊரில் யாரும் இல்லை, ஏனென்றால் அவரே எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டார். காலையில் பெட்ரோல் பங்கின் காபி மேசையில் கூடுகிற கிழங்கள் எல்லாம் சட்டைப் பையிலிருந்து ஏழு அறை வைத்த மாத்திரை டப்பாவை எடுத்து வைப்பார்கள். வெர்லின் ஒரு டோனட்டை எடுத்து வைப்பார். "எனக்கு இதான் காலை மாத்திரை" என்பார். முப்பது வருஷம் பனி தள்ளும் லாரி ஓட்டிய உடம்பு அது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அவரைக் கண்டால் வேறு தெரு வழியாகப் போய்விடும்.

கெட்டுப்போனது வலது முழங்கால் மட்டும்தான். அது கெட்டுப்போனது ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவர் ஒப்புக்கொள்ளாததுதான் பாக்கி. மாடிப்படியை முதுகு காட்டி இறங்குவார். கேட்டால், "இப்படி எறங்கினா வீடு வேற மாதிரி தெரியுது" என்பார். கடைசியில் அவர் மனைவி மார்லிஸ்தான் காரில் ஏற்றி நகரத்துக்கு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள வலி எவ்வளவு இருக்கும் சார்?" என்று டாக்டர் கேட்டார்.

வெர்லின் ரொம்ப நேரம் யோசித்தார். "ரெண்டு இருக்கும். ஒண்ணரைன்னே வெச்சுக்கங்களேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டுக்கெல்லாம் நாங்க மூட்டு மாத்தறதில்லையே."

"டாக்டர், நாங்க ஏரிக்கரைக்காரங்க" என்றாள் மார்லிஸ். "எங்க ஊர்ல வீடு தீப்பிடிச்சாக்கூட 'கொஞ்சம் கதகதப்பா இருக்கு'ன்னுதான் சொல்வாங்க. இவரு போன வாரம் சாக்ஸ் மாட்டும்போது அழுதாரு."

"அழலை. தும்மல் வந்துச்சு."

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன. ஜனவரி நடுவில் அறுவைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு நர்ஸ் வந்து உட்கார்ந்து விவரம் சொன்னாள். அறுவை முடிந்ததும் சில வாரங்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, வலிக்கு ஒன்று, வலி மாத்திரை வயிற்றைக் கட்டிப்போட்டால் அதைத் திறக்க ஒன்று. "மாத்திரையைவிட முக்கியம் ஒண்ணு இருக்கு சார். வலிச்சா சொல்லணும். கெண்டைக்கால் வீங்கினா சொல்லணும். சில பேர் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடப்பாங்க. கால்ல கட்டின ரத்தம் நுரையீரலுக்குப் போயிடுச்சுன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

வெர்லின் தலையாட்டினார். அந்த ஆட்டம் மார்லிஸுக்கு அத்துப்படி. காதில் வாங்கிக்கொண்டேன், மனதில் வாங்கவில்லை என்று அர்த்தம். நாற்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா, பல்லைக் கடிப்பதில் இந்த மனிதருக்கு இணை யார் என்று?

"மருந்துக் காப்பீடு எந்தத் திட்டத்துல இருக்கீங்க?" என்றாள் நர்ஸ்.

"எதுலயும் இல்ல" என்றார் வெர்லின், பதக்கம் வாங்குகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து. "நான்தான் மாத்திரையே சாப்பிடறதில்லையே!"

அறுபத்தைந்து வயதானவர்களுக்கு அரசாங்கம் தருகிற மெடிகேர் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளும், வீட்டுக்கு வாங்கிப்போகும் மாத்திரைக்குத் தனித் திட்டம் வேண்டும், டிசம்பர் ஏழாம் தேதிக்குள் சேர்ந்தால்தான் ஜனவரியில் கைக்கு வரும், விட்டால் இன்னொரு வருஷம் என்று நர்ஸ் சொன்னாள். வெர்லின் மறுபடியும் தலையாட்டினார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாராவது ஏதாவது கொடுத்தால் உடனே வாங்கிக்கொள்வது எங்களுக்கு அசிங்கம். முதல் தடவை கேட்டால் "ஐயோ வேணாம்". இரண்டாம் தடவை கேட்டால் "உங்களுக்கு எதுக்குச் சிரமம்". மூன்றாம் தடவை கேட்டால்தான், "சரி, அவ்வளவு தூரம் சொல்றீங்க, ஒரு சின்ன துண்டு மட்டும்". கேட்கிறவரும் மூன்று தடவை கேட்கத் தயாராகத்தான் ஆரம்பிப்பார். ஊரே இப்படித்தான் என்றாலும் வெர்லின் இதில் கரைகண்டவர். அவர்கள் கல்யாணத்தில்கூட, தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்டவள் மார்லிஸ்தான். அதையும் மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது.

ஆகவே அக்டோபர் கடைசியில் சமையலறையில் அவள் முதல் தடவை கேட்டாள். "வெர்லின், அந்த மருந்து பிளான்ல உன்னைச் சேர்த்து விடட்டுமா?"

"இருக்கட்டும், இருக்கட்டும்."

நவம்பரில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வருஷாந்திர லூட்டஃபிஸ்க் விருந்து நடந்தது. காரநீரில் ஊறிக் கொழகொழத்துப் போன மீனை உருக்கிய வெண்ணெயில் முக்கி, ஊரே வரிசையில் நின்று சாப்பிடும். மார்லிஸ் உருளைக்கிழங்குத் தட்டோடு வந்தபோது வெர்லின் பக்கத்தில் ஆர்டன் உட்கார்ந்திருந்தார். ஆர்டன் பக்கத்துப் பண்ணைக்காரர், வெர்லினின் ஐம்பது வருஷத்துச் சிநேகிதர். காபி மேசையில் வெர்லினிடம் அதிகம் கேலி வாங்கியவரும் அவர்தான். இன்றைக்குப் பழி தீர்க்க வந்தவர் போல மாத்திரை டப்பாவைத் தட்டுக்குப் பக்கத்திலேயே திறந்து வைத்திருந்தார்.

"வாடா மாப்ளே, எங்க சங்கத்துக்கு" என்றார் ஆர்டன். "உனக்கும் ஒரு டப்பா வாங்கி வெச்சிருக்கேன். நீலக் கலரு. உன் கண்ணுக்கு எடுப்பா இருக்கும்."

"நீயே வெச்சுக்க. உனக்குத்தான் ஏழு அறை பத்தலையே."

"அஞ்சு வருஷமா சேராம இருந்தேல்ல? இப்பச் சேர்ந்தா அபராதம் போடுவான், தெரியும்ல? ஆயுசு பூரா மாசாமாசம் கட்டணும்."

வெர்லின் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நோயில்லாம இருந்ததுக்கு அபராதமா?"

"பின்னே? நாங்க எல்லாம் ஒழுங்கா நோவு வந்து பணம் கட்டிக்கிட்டு இருந்தோம், நீ மட்டும் ஊர் சுத்திக்கிட்டு இருந்தே."

மேசை முழுக்கச் சிரித்தது. மார்லிஸ் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், தட்டைக் கையில் பிடித்தபடியே, இரண்டாம் தடவை கேட்டாள். "நான் போன் போட்டு ஏற்பாடு பண்ணிடட்டுமா வெர்லின்?"

"உனக்கு எதுக்கு வீண் சிரமம்?" என்று சொல்லிவிட்டு வெர்லின் மீனைப் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அவர் கணக்குப்படி வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. இனி மூன்றாம் தடவை கேட்பாள், சரி என்பார், எல்லாம் நல்லபடியாகிவிடும்.

நவம்பர் முடிவதற்குள் அது நடந்தது. ராத்திரி மழை பெய்து, பெய்த மழை அப்படியே உறைந்து, ஊரே கண்ணாடி போர்த்திக் கிடந்தது. கடிதம் எடுக்கப் போன வெர்லின் தபால் பெட்டிக்கு அடியில் மல்லாந்து விழுந்தார். முழங்கால் மடங்கிக்கொண்டது, எழ முடியவில்லை. அந்தப் பக்கம் ஆர்டன் வண்டியில் வந்தார். நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"என்னப்பா, கை கொடுக்கட்டுமா?"

"வேணாம் வேணாம். சும்மா படுத்திருக்கேன்."

"நெசமாவா? தூக்கி விடறேனே?"

"நீ உன் வேலையைப் பாரு, உனக்கு எதுக்குச் சிரமம்?"

ஆர்டன் மூன்றாம் தடவை கேட்க வாயைத் திறந்த அதே நேரம், அவருடைய நாய் ஜன்னல் வழியாகக் குதித்து ஒரு முயலைத் துரத்திக்கொண்டு வயலுக்குள் ஓடியது. ஆர்டன் நாயைத் துரத்திக்கொண்டு ஓடினார். வெர்லின் மூன்றாவது கேள்விக்காக வானத்தைப் பார்த்துக் காத்துக்கொண்டு கிடந்தார். பாத்திரம் கழுவி முடித்த மார்லிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் மீசையில் பனி கட்டியிருந்தது.

நாயைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்த ஆர்டன் தலையைச் சொறிந்தார். "ரெண்டு தடவை கேட்டேன் மார்லிஸ். சத்தியமா ரெண்டு தடவை கேட்டேன்."

அவள் ஆர்டனைத் திட்டவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து வெர்லினைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தார்கள். அவருக்குக் கம்பளி போர்த்தி, காபியைக் கையில் திணித்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்க. இனிமே நான் உன்னை மூணாவது தடவை கேக்க மாட்டேன். மருந்து பிளானுக்கும் சரி, வேற எதுக்கும் சரி."

"எதுக்கு இப்ப இவ்வளவு கோபம்? லேசா சறுக்கிட்டேன், அவ்வளவுதானே."

"கோபம் இல்ல, பயம். ஆபரேஷன் முடிஞ்ச ராத்திரி நான் உன் பக்கத்துல இருக்க மாட்டேன். ஒரு நர்ஸ் வந்து 'வலிக்குதா?'ன்னு கேப்பா. நீ 'இல்ல'ம்பே. அவ போயிடுவா. அவளுக்கு நம்ம ஊர் வழக்கம் தெரியாது வெர்லின். அவ திரும்பி வந்து கேக்க மாட்டா. நீ மரியாதை பார்த்தே செத்துப்போவே."

வெர்லின் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காபி ஆறிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. "இன்னும் கொஞ்சம் மாட்டிறைச்சி வைக்கட்டுமா?" என்பாள். "வேணாம்" என்பார், பழக்கதோஷத்தில். கிண்ணம் உடனே உள்ளே போய்விடும். பூசணிப் பை என்கிற இனிப்புப் பலகாரத்துக்கும் அதே கதி. வெர்லின் மெலிய ஆரம்பித்தார். ஒருநாள் அவள் குளியலறையிலிருந்து வரும்போது, குளிர்ப்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு கரண்டியால் ஆறிப்போன ஹாட்டிஷை, அதாவது இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட பண்டத்தை, வழித்துத் தின்றுகொண்டிருந்தார். "கெட்டுப்போச்சான்னு பார்த்தேன்" என்றார்.

இந்தச் சட்டம் அவளுக்கு மட்டும் சுகமாக இருந்ததா? ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டு கிடந்தாள். காப்பீட்டுக்குத் தானே போன் செய்துவிடலாம் என்று எத்தனையோ தடவை கை போனது. செய்தால் ஜனவரியில் மாத்திரை கிடைக்கும். ஆனால் அந்த நர்ஸுக்குப் பதில் சொல்லும் வாய் கிடைக்காதே? டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைப் பெயர்களைக் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியதோடு நிறுத்திக்கொண்டாள். பிடிவாதத்தில் டோலஃப்சன் வீட்டு மருமகளும் டோலஃப்சன்தான்.

டிசம்பர் ஏழாம் தேதியும் வந்தது. மதியம் அவள் கீழ்த்தளத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீடுகளில் வீட்டைச் சூடாக்கும் வெப்பக் காற்றுக் குழாய் வழியாக மேலே பேசுவதெல்லாம் கீழே நன்றாகக் கேட்கும். வெர்லின் போனில் பேசுகிற சத்தம் வந்தது. மார்லிஸ் துவைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதையும் ஒப்புக்கொள்வதில்லை.

"இப்ப என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க சார்?" என்றது ஒரு பெண் குரல். தெற்கே ஜார்ஜியா பக்கத்து இழுவை.

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்லையா? எழுபது வயசுலயா? கடவுளே, உங்களைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கணும் சார்!"

வெர்லின் அதை ரசித்தது கீழே வரைக்கும் தெரிந்தது.

"அப்படி ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கு இருக்கறதுலயே மலிவான திட்டம் போதும்" என்றாள் அந்தப் பெண். "ஆனா ஜனவரியில ஆபரேஷன்னு சொல்றீங்க. ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கற அந்த மாத்திரைக்கு மலிவுத் திட்டத்துல ஆரம்பத்துல உங்க கைக்காசுதான். இன்னொண்ணு இருக்கு. மாசாமாசம் கொஞ்சம் கூடக் கட்டணும், மாத்திரை சுலபமாக் கிடைச்சுடும். எது வேணும்?"

மார்லிஸ் ஈரத் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். மலிவு என்ற சொல்லைக் கேட்டால் டோலஃப்சன் பரம்பரைக்கே கண் சொருகிவிடும்.

பிறகு வெர்லின் மெதுவாகச் சொன்னார். "என் சம்சாரம் தூங்கி ரொம்ப நாளாச்சும்மா. நான் தூங்கறேன்னு நெனச்சுக்கிட்டு எழுந்து உக்காந்திருக்கா. அந்த ரத்தக்கட்டு மாத்திரை எதுல தடங்கலில்லாம கிடைக்குமோ, அதையே சொல்லுங்க."

மார்லிஸ் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அதுலயே உங்களைச் சேர்த்துடட்டுமா சார்?"

"ஐயோ, வேணாம்மா."

"வேணாமா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சரிங்க சார். எதுவும் வேணும்னா கூப்பிடுங்க. நல்லா இருங்க." போன் வைக்கப்பட்டது.

"மூணாவது தடவை கேக்கவே இல்லையே!" என்று வெர்லின் சுவரைப் பார்த்துச் சொன்னார். மனிதருக்கு நிஜமாகவே அவமானமாகிவிட்டது.

மறுபடி கூப்பிட்டார். பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். இந்தத் தடவை ஒரு இளைஞன். மாத்திரை, ஆபரேஷன், திட்டம் எல்லாம் முதலிலிருந்து. "சேர்த்துடட்டுமா சார்?" "வேணாம்ப்பா, பரவாயில்ல." "சரி சார், வயசானவங்களை வற்புறுத்தக் கூடாதுன்னு எங்களுக்குச் சட்டமே இருக்கு. நல்ல நாளா அமையட்டும்." டொக்கென்று வைத்துவிட்டான்.

படிக்கட்டில் மார்லிஸுக்குச் சிரிப்பு பொங்கியது, அழுகையும் கூடவே வந்தது. ஓடிப்போய் போனைப் பிடுங்கிவிடலாமா? கால் இரண்டு படி ஏறியும்விட்டது. அங்கேயே கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. பொழுது போனால் ஒரு வருஷம் போச்சு.

மூன்றாம் தடவை கூப்பிட்டார். பாட்டு, மறுபடியும் பாட்டு. பிறகு அதே ஜார்ஜியாக் குரல்.

"டோலஃப்சன் சார்! கண்ணாடிப் பெட்டி சார்! என்ன, மனசு மாறிட்டீங்களா?"

"மாறலைம்மா. முதல்லேர்ந்தே வேணும்னுதான் இருந்தேன்."

"அப்புறம் ஏன் வேணாம்னீங்க?"

"நீங்க இன்னொரு தடவை கேப்பீங்கன்னு..." என்று இழுத்தார்.

அந்தப் பெண் சிரித்தாள், கேலியாக இல்லை. "சார், எங்க பக்கம் யாராவது தட்டை நீட்டினா பிடுங்கிக்குவோம். இந்தப் பேச்சு பதிவாகுது. நான் ஒரே ஒரு தடவை கேப்பேன். நீங்க 'ஆமா'ன்னு உங்க வாயால சொன்னாத்தான் நான் பண்ண முடியும். இந்தத் திட்டம் உங்களுக்கு வேணுமா?"

"அவ்வளவு மோசமில்ல" என்றார் வெர்லின். எங்கள் ஊரில் அதைவிட அழுத்தமாக யாரும் சம்மதம் சொல்லிவிட முடியாது.

"அது ஆமாவா சார்?"

"பண்ணினா ஒண்ணும் கெட்டுப்போயிடாது."

"சார்..."

சமையலறைக் கடிகாரத்தின் சத்தம் கீழே வரை கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்து நின்றுவிட்டார் போலிருக்கிறது, தேவாலயத்தில் ஜெபத்துக்கு நிற்பது போல.

"ஆமா" என்றார். பிறகு, பனி லாரி இன்ஜினுக்கு மேல் கத்துகிற குரலில், "ஆமாம்மா! வேணும்!" என்று போட்டார் ஒரு சத்தம். அலமாரியில் கோப்பைகள் அதிர்ந்தன.

மார்லிஸ் துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். வெர்லின் முகம் செக்கச்செவேல் என்று இருந்தது.

"யாரு போன்ல?" என்றாள்.

"யாரோ. ராங் நம்பர்."

"அப்படியா" என்று சொல்லிவிட்டுத் துணியை மடிக்க உட்கார்ந்தாள். அன்று ராத்திரி தூங்கினாள். ஆனால் பாதித் தூக்கம்தான். போனில் ஒரு ஆமா சொல்லிவிட்டார், சரி. வலியில் கிடக்கும்போது சொல்வாரா?

ஜனவரியில் அறுவை நல்லபடி முடிந்தது. ஆர்டன் நீல டப்பாவுக்கு ரிப்பன் கட்டி அனுப்பியிருந்தார். மயக்கம் தெளிகிற அறையில் மார்லிஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். வெர்லின் கண்ணை மூடிக் கிடந்தார், உதடு வெளுத்திருந்தது. நர்ஸ் வந்தாள், புதுப் பெண், எங்கள் பக்கத்தவள் இல்லை.

"டோலஃப்சன் சார், ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள வலி எவ்வளவு?"

மார்லிஸின் ஊசி நின்றது. வாயைத் திறக்காமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெர்லின் ஒரு கண்ணைத் திறந்து நர்ஸைப் பார்த்தார். பிறகு மார்லிஸைப் பார்த்தார்.

"எட்டு" என்றார்.

மார்லிஸ் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் நர்ஸ் பயந்துபோனாள்.

"மேடம், எட்டுன்னா நல்லதில்ல. மாத்திரை கொடுக்கணும்."

"தெரியும்மா, தெரியும்" என்றாள் மார்லிஸ், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நாப்பத்தஞ்சு வருஷமா இவரு ரெண்டைத் தாண்டினதே இல்ல."

நர்ஸ் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். "தரட்டுமா சார்?"

வெர்லின் கையை நீட்டினார். "குடும்மா" என்றார்.